வர்க்கி அடுப்பின் மேல் இரண்டு குப்பி

தபித்தாள் மனிதர்களிடம் கோயமுத்தூர்ப் பேச்சும் புழுக்களிடம் திருநெல்வேலிப் பேச்சும் பேசுவார். இருபத்தாறு வருஷம் குன்னூர் மலையில் இருந்ததில் எங்களைப் போலவே 'இல்லீங்க', 'ஆமாங்க' எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் காலையில் மேல்மாடி லேபைத் திறந்து, சூட்டுப் பெட்டிக்குள் இருக்கும் குப்பிகளைப் பார்த்து, "எப்படிலே இருக்கிய? ராத்திரி குளிருச்சோ?" என்று கேட்கும்போது மட்டும் பிறந்த ஊர் வந்துவிடும். கீழே ஸ்டோர் ரூமில் மாத்திரை டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருக்கும் எனக்கு அது பலகைத் தரை வழியாகக் கேட்கும். பதில் வராத பேச்சுதான். இருந்தும் ஒரு நாள்கூட அவர் கேட்காமல் இருந்ததில்லை.

நான் அந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோர் கிளார்க் மருதாசலம். மனைவி, பிள்ளைகள் காரமடையில். மாதம் ஒரு முறை இறங்கிப் போய் வருவேன். குவார்ட்டர்ஸில் எனக்கும் தபித்தாளுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அவருக்கு இறங்கிப் போக ஊரில் யாரும் இல்லை. சாயர்புரத்தில் ஒரு அண்ணன் மகன் இருப்பதாகச் சொல்வார், அவன் கடிதம் போட்டு நான் பார்த்ததில்லை.

நாலைந்து எஸ்டேட்டுகள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. டீத்தூள் விலை விழுந்து அப்போது இரண்டாவது வருஷம். பறிக்கிற கூலிக்கும் காணாது என்று சின்ன விவசாயிகள் பச்சை இலையைக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டினார்கள். இத்தலார் பக்கம் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். வாரம் முழுக்க ஓடிய ஃபேக்டரிகள் இரண்டு நாள் ஓடின. எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் போனார், இரண்டு நர்ஸ் போனார்கள், ஆம்புலன்ஸ் டயர் இல்லாமல் கல்லின்மேல் உட்கார்ந்தது. கடைசியில் நிர்வாகத்தில் யாரோ ஒரு புண்ணியவான், மேல்மாடிக்குச் சனி ஞாயிறு கரண்ட் தேவையில்லை என்று கண்டுபிடித்தார். மேல்மாடியில் தபித்தாளும் அவருடைய புழுக்களும் மட்டும்தான் இருந்தார்கள்.

அந்தப் புழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நாயின் வயிற்றில் வாழும் புழு. அதன் முட்டை மண்ணில் கிடக்கும். மண்ணில் விளையாடும் குழந்தை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் முட்டை உள்ளே போய்ப் பொரியும். ஆனால் மனித உடம்பில் அந்தக் குஞ்சுக்கு வழி தெரியாது. வளரவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் ஈரல், நுரையீரல் என்று அலையும். சில சமயம் கண்ணுக்குள் போய்த் தங்கிவிடும். அப்போது கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஒன்று தெரியும். குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றும் அதே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். புற்று என்றால் உயிர் பிழைக்கக் கண்ணை எடுத்தாக வேண்டும். புழு என்றால் எடுக்க வேண்டியதில்லை, மருந்தோடு போகும்.

எது என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது. அதற்கு உயிருள்ள குஞ்சுப் புழுக்கள் வேண்டும். அவை கிடக்கிற திரவத்தில் எதையோ கசியவிடும். அந்தக் கசிவோடு நோயாளியின் ரத்தத்தைச் சேர்த்தால், உடம்புக்குள் புழு இருப்பவருக்கு நிறம் மாறும். ஒரு டாக்டர் இதை ஆரம்பித்து வைத்துவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டார். பதினொரு வருஷமாகத் தபித்தாள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் தொழிலாளர் லயத்து நாய்க்குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்து, விழுந்த புழுவைக் கழுவி, முட்டை எடுத்துப் பொரிக்கவைத்து, குப்பியில் விட்டு, மனித உடம்பின் சூடான முப்பத்தேழு டிகிரியில் வைப்பார். ரோஜா நிறத் திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. புதன்தோறும் பழையதை வடித்துப் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதை ஊற்றுவார்.

"இதுகளுக்கு வேற வேலையே கெடையாதுங்க மருதாசலம்," என்று ஒரு நாள் சொன்னார். "வளரறதுமில்ல, குட்டி போடறதுமில்ல. உசுரோட இருக்கறதுதான் வேலை. வருசக்கணக்கா அதை மட்டும் செய்யும்."

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை ஹாஜா பாய் லேபுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கீழே வளைவில், இந்த மலைக்கே உரிய அடுக்கு பிஸ்கட்டான வர்க்கி சுடும் பேக்கரி வைத்திருப்பவர். கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க், அதற்குள் அவர் மகள் ஃபாயிஸாவின் ரத்தம். குழந்தைக்கு ஐந்து வயது. அடுப்பு வெளிச்சத்தில் ஒரு கண் மட்டும் பூனைக் கண்ணாட்டம் மின்னியதை அவள் அம்மா ரசியாதான் முதலில் பார்த்தாள். கோயமுத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சீட்டும் ரத்தமும் கொடுத்து மலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லேபுக்கு ஸ்பிரிட் கொண்டுபோன நானும் அப்போது அங்கே நின்றிருந்தேன்.

"ஏனுங்க லேப் அக்கா, கேன்சரா பூச்சியான்னு நீங்கதான் சொல்லோணுமாமுங்க," என்றார் ஹாஜா. "மெட்ராசுக்கு அனுப்புனா மாசமாகுமாம். இருவதாந்தேதி வரைக்குந்தான் டாக்டர் பொறுப்பாராம். அதுக்கு மேல பொறுத்தா, கேன்சரா இருந்துச்சுன்னா மூளைக்குப் போயிருமாம். காயிதம் வரலீன்னா கண்ண எடுத்துப் போடறாங்களாம்."

தபித்தாள் சீட்டை இரண்டு முறை படித்தார். "எடுத்து வெச்ச சரக்கெல்லாம் கெட்டுப் போச்சுங்க பாய். சனி ஞாயிறு கரண்ட்டை நிறுத்தி நிறுத்தி, ஃப்ரீஸர்ல உருகிப் போச்சு. இன்னைக்குத்தான் புதுசா ஊத்தியிருக்கேன். அடுத்த புதன் எடுத்தாத்தான் பலமிருக்கும். வியாழன் டெஸ்ட்டு. வெள்ளி உங்க கையில பேப்பர்."

"இருவதாந்தேதி திங்கக்கெளமைங்க."

"தெரியும். ரெண்டு நாள் கையில இருக்குது. பயப்படாதீங்க."

ஹாஜா குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரையும் லேபுக்குள் நாற்காலி இழுக்கவிடாத தபித்தாள், அன்றைக்கு ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கும் பழைய மைக்ராஸ்கோப் அது. மைதா படிந்த தாடியோடு ஹாஜா குனிந்தார்.

"நல்லா நெளிஞ்சுட்டுத்தான் இருக்குதுங்க," என்றார். "இந்தத் தண்ணி ஏனுங்க இந்தக் கலரு?"

"அதுதாங்க தீனி. தீனி தீர்ந்தா மஞ்சளாகும்."

"அப்ப எங்க மாவாவாட்டத்தானுங்க." மாவா என்பது வர்க்கி மாவைப் புளிக்கவைக்கிற கரு. வாழைப்பழம், ரவை, சர்க்கரை போட்டு வைப்பார்கள். ஹாஜாவின் பானை அவர் அத்தா காலத்திலிருந்து காலியானதே இல்லை. "அதும் பசிச்சா மொகஞ் சுருங்கிப் போகுமுங்க. கவனிச்சா எந்திரிச்சுக்கும்."

தபித்தாள் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. பர்லியார் பக்கம் மண் சரிந்தது, கற்பூர மரங்கள் கம்பிமேல் விழுந்தன. கரண்ட் போயிற்று, ஃபோன் போயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி ஆறு மாசம் ஆகியிருந்தது. ரத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை, அதற்குக் குளிர்தான் வேண்டும், ஊரெல்லாம் குளிர் கொட்டிக் கிடந்தது. புழுக்களுக்குத்தான் சூடு இல்லை. தபித்தாள் இரண்டு குப்பியையும் துணியில் சுற்றி வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மேலே சேலை, அதற்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே ஆஸ்பத்திரிக் கம்பளி போட்டுக்கொண்டார். வியாழன் பகல் முழுக்க அப்படியே நடமாடினார்.

வார்டு ஆயா ராமாத்தாள் வாயை அடக்கத் தெரியாதவள். "என்ன சிஸ்டரு, இந்த வயசுல விசேசங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆமாங்க," என்றார் தபித்தாள். "ரெண்டாயிரம்."

வார்டில் படுத்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவர் படியேறியது எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"உடம்புச் சூடே போதும்ல?" என்று கேட்டேன்.

"தோல்மேல முப்பத்திநாலுக்கு மேல ஏறலைங்க. சாகாது. ஆனா கசியாது. கசியலைன்னா டெஸ்ட்டு இல்ல." அவர் குரலில் முதல் முறையாகப் பயம் கேட்டது.

சாயங்காலம் ஹாஜா மழையில் நனைந்துகொண்டு ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எங்க அடுப்பு அணையறதே இல்லீங்களே அக்கா. எந்திரிங்க, போலாம்."

வர்க்கி அடுப்பு ஒரு சின்ன அறை அளவு இருக்கும். சீகை மர விறகு போட்டு எரித்து, தணலை ஒதுக்கிவிட்டு, அந்தச் சூட்டிலேயே வேகவைப்பார்கள். வளைவுக்கு மேலே மணல் பரப்பிய மேடு உண்டு. மாவாப் பானை இருப்பது அங்கேதான். ஹாஜா ஏணியில் ஏறி, உள்ளங்கையை மணல்மேல் வைத்து, எடுத்து, வைத்து நகர்ந்தார். "இங்க வையுங்க," என்றார். தபித்தாள் தர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தார். முப்பத்தேழரை. ஹாஜா கையை ஒரு சாண் தள்ளி வைத்தார். முப்பத்தேழு. இருபது வருஷமாக அடுப்பைத் தொட்டுப் பார்த்த கைக்கு தபித்தாள் கும்பிடாத குறை.

குப்பிகள்மேல் ஒரு வர்க்கி டின்னைக் கவிழ்த்தார்கள். அதில் 'கண் மருந்து, தொடாதே' என்று ஹாஜா எழுதி ஒட்டினார். வர்க்கி அடுப்பின் மேல் நாய்ப்புழு இருக்கிறது என்று பஜாரில் மூச்சு விட்டால் போதும், அன்றோடு கடையை மூட வேண்டியதுதான். விலை வீழ்ச்சியில் வர்க்கி வாங்கும் ஆளே பாதியாகியிருந்தது. அதையெல்லாம் அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

வெள்ளியும் சனியும் தபித்தாள் காலை, மாலை இறங்கிப் போனார். ரசியா அவரைச் சும்மா திருப்பி அனுப்பவில்லை. அடுப்பறைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. இஞ்சி டீயும் சுடச்சுட வர்க்கியும் கொடுத்து, மழை விட்டபிறகு போகலாம் என்று உட்காரவைத்தாள். சனிக்கிழமை ராத்திரிச் சோறும் அங்கேதான். ஃபாயிஸா அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு 'பூச்சி ஆன்ட்டி' என்றாள். ரசியா பதறி, "மருந்து ஆன்ட்டின்னு சொல்லோணுஞ் சாமி," என்று மாற்றிக் கொடுத்தாள்.

"அக்கா, நெசமாலுமே பூச்சியா இருந்துட்டா கண்ணு நின்னுக்குமுங்களா?" என்று ரசியா கேட்டாளாம்.

"பார்வை முழுசா வருமான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா கண்ணு அவ கண்ணாவே இருக்கும்."

"அது போதுமுங்க. பொட்டப்புள்ள. கண்ணில்லாத குழியோட நான் எப்பிடிங்க வளத்துவேன்."

இதைத் தபித்தாளே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எனக்குச் சொன்னார். முன்பெல்லாம் சுவர்வழியே அவருடைய இருமல்தான் கேட்கும். அந்த இரண்டு நாளும் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பது என் எண்ணம். அப்படியொரு சமயத்தில் சந்தோஷமாக இருந்ததற்காக அவரே வெட்கப்பட்டிருப்பார்.

மழையில் ஏறி இறங்கியதற்கு உடம்பு கணக்குத் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவருக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை.

"மருதாசலம், ஒரு எட்டு போயிட்டு வாங்க," என்றார். "தர்மாமீட்டர் முப்பத்தேழு காட்டுதான்னு மட்டும் பாருங்க. ஒண்ணையும் தொட வேண்டாம். தொட விடவும் வேண்டாம்."

போனேன். முப்பத்தேழு காட்டியது. வேலை முடிந்தது என்று மைதா மூட்டைமேல் உட்கார்ந்தேன். ஹாஜா டீயும் நாலு வர்க்கியும் கொடுத்தார். வெளியே மழை, உள்ளே கணகணப்பு, நானும் ராத்திரி சாப்பிடாதவன். ஹாஜா ஏணியில் நின்றபடி டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, கலர் எறங்கிப் போச்சுங்களே. மொதல்ல ரோசாப்பூவாட்ட இருந்துது. இப்ப ஆரஞ்சாட்டத் தெரியுது."

எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தீனி தீர்ந்திருக்கும்," என்றேன்.

"இன்னும் மூணு நாளிருக்குதுங்களே. புதன்கெளமை வரைக்கும் தாங்குமுங்களா?"

வாய் நிறைய வர்க்கியோடு நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பசின்னா எல்லாத்துக்கும் பசிதானுங்க பாய். நாமளா இருந்தாத் தாங்குவமா?"

பேச்சுக்குச் சொன்னது. ஸ்டோர் ரூமில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற பழக்கம் வந்துவிடும். ஹாஜா சிரிக்கவில்லை. டின்னைக் கவிழ்த்துவிட்டு இறங்கினார். நான் நாலாவது வர்க்கியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். தபித்தாள் படுக்கையிலிருந்தே, "கலர் எப்படிங்க?" என்று கேட்டார். "நல்லாருக்குது," என்றேன். ஊற்றி நாலைந்து நாள் ஆனால் கொஞ்சம் ஆரஞ்சாவது வழக்கம்தான் என்றும், அது புழுக்கள் நன்றாக இருப்பதற்கு அடையாளம் என்றும் எனக்கு அன்று தெரியாது. உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திரும்ப அனுப்பி ஹாஜாவின் பயத்தைப் போக்கியிருப்பார்.

திங்கட்கிழமையும் காய்ச்சல் விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார். தடுமாறி விழுந்துவிடுவாரோ என்று நானும் கூடப் போனேன். ஹாஜா ஏறி இரண்டு குப்பியையும் எடுத்துக் கொடுத்தார். தபித்தாள் அடுப்பு வாயருகே குனிந்து, தணல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

இரண்டும் எலுமிச்சை மஞ்சள். மோர் கலந்த மாதிரிக் கலங்கல். மூடியைத் திருகியதும் கள் வாடை எனக்கே அடித்தது.

தபித்தாள் குப்பியை மெல்லச் சாய்த்து, நிமிர்த்தி, சாய்த்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்களா அக்கா?" என்றார் ஹாஜா. "நான் பட்டினி போடலீங்க. ஞாயித்துக்கெளமை பாத்தேன், கலர் எறங்கிப் போச்சு. ஒரு சிட்டிகை சக்கரை போட்டு உட்டேன். நேத்தைக்குங் கொஞ்சம் போட்டேனுங்க."

தபித்தாளின் கை நின்றுவிட்டது. "ரெண்டு குப்பியிலயுமா?"

"ஒண்ணுக்குப் போட்டுட்டு ஒண்ணப் பட்டினி போட மனசு வருமுங்களா? நம்ம புள்ளைக்காவ வேலை செய்யறதுக."

அடுப்புக்குள் விறகு சரிந்த சத்தம் கேட்டது. ரசியா கதவருகில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தபித்தாள் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மூடியைத் திருகி மூடினார்.

"அதனால ஒண்ணுமில்லீங்க பாய்," என்றார். "சூடு பத்தாமப் போயிருச்சு. நான் தெனமும் வந்து பார்த்து நகர்த்தி வெச்சிருக்கோணும். காய்ச்சல்னு படுத்துட்டேன். என் தப்புதான்."

"செத்துப் போச்சுங்களா?" என்று ரசியா கேட்டாள்.

"பாக்கலாம். மிச்சத்த வெச்சுப் பாக்கறேன்."

மேட்டில் ஏறும்போது பாதி வழியில் மூச்சு வாங்க நின்றார். "ஞாயித்துக்கெழமை அவரு உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாருங்களா?"

நான் சொன்னதை அப்படியே சொன்னேன். மறைக்கலாம் என்று தோன்றியது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பாய்கிட்டச் சொல்லிராதீங்க. சக்கரைதான்னு தெரிஞ்சா அந்த மனுசன் பெத்த புள்ளை மொகத்தைப் பார்க்க முடியாது."

"அப்ப உங்களையில்லீங்களா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். என்னைச் சொன்னா வலிக்கறதுக்கு வேற ஆரு இருக்காங்க?"

சர்க்கரையோடு குப்பிக்குள் போன மாவாவின் ஈஸ்ட் புளித்துப் பெருகியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் புழுக்கள் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. ஒன்றும் நெளியவில்லை. இருந்தும் அவர் திரவத்தை வடிகட்டி, மறுபடி வடிகட்டி, வியாழக்கிழமை பரிசோதனை செய்தார். ஃபாயிஸாவின் ரத்தம் வைத்த குழி நிறம் மாறியது. ஒத்துப் பார்ப்பதற்காக நோயில்லாதவரின் ரத்தமும் ஒரு குழியில் வைப்பார்கள், அதுவும் அதே நிறத்துக்கு மாறியது. அப்படியென்றால் அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் கிடையாது. வெள்ளிக்கிழமை 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று எழுதினார்.

வாங்க வந்தது ரசியா. ஹாஜா கீழே வாசலிலேயே நின்றுவிட்டார். நான் லேப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"பூச்சின்னு எழுதிக் குடுங்க அக்கா," என்றாள். "நீங்க எழுதுனா அவங்க நம்புவாங்க. உங்க கையெழுத்துக்குத்தான காத்திருக்காங்க."

"எனக்குத் தெரியாதத எப்படிம்மா எழுதறது?"

"எனக்குத் தெரியுமுங்க. புள்ள மண்ணு திங்கும். கடைக்கு முன்னாடி நாய் படுத்துக் கெடக்கும். பூச்சிதானுங்க அது."

"இருக்கலாம். ஆனா பூச்சின்னு எழுதி, அது கேன்சரா இருந்தா? கண்ணோட போறது உசுரோட போகும். அப்ப என்ன செய்வ?"

"நீங்க ஒழுங்காப் பாத்திருந்தா இந்தப் பேச்சே இல்லீங்களே."

"இல்லதான்," என்றார் தபித்தாள். "ஆனா எழுத மாட்டேம்மா."

ரசியா காகிதத்தை வாங்கி மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். சனிக்கிழமை மத்தியானம் ஊருக்கெல்லாம் கரண்ட் வந்தது. சனிக்கிழமை என்பதால் மேல்மாடிக்கு வரவில்லை.

இருபதாம் தேதி ஹாஜாவும் ரசியாவும் குழந்தையோடு, மண் சரியாத கோத்தகிரி வழியாகச் சுற்றிக் கோயமுத்தூருக்கு இறங்கினார்கள். மறுநாள் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து லேபுக்கு ஒரு கடிதம் வந்தது. எடுத்த கண்ணை அறுத்துப் பார்த்ததில் புற்று இல்லை. விழித்திரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குஞ்சுப் புழு சுருண்டு இருந்ததாம். இனிமேல் இப்படி நேராமல் இருக்க, லேபில் பரிசோதனை எப்போதெல்லாம் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். ஸ்டோர் ஜன்னலில் நின்று தபித்தாள் அதை எனக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்து, என் மேஜையிலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அன்றும் அதற்குப் பிறகும் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை.

அதே சேதி ஹாஜா வீட்டுக்கும் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசியா குவார்ட்டர்ஸுக்கே வந்தாள். நான் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாலு பேர் வந்து ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"சொன்னேனுங்களே, பூச்சின்னு. எழுதுங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"எங்கூட்டுல உக்கார வெச்சுச் சோறு போட்டேன். எம் புள்ளைய உங்க மடியில குடுத்தேன். எங்கூட்டுக்காரரு கடை போனாலும் போகட்டும்னு அடுப்பையே குடுத்தாருங்க. ராவும் பகலும் ஏணியில ஏறி ஏறிப் பாத்தாரு. உங்களுக்கு ஒரு ரெண்டு நாளு காய்ச்சலத் தாங்க முடியல. இல்லீங்களா?"

"ஆமாம்மா."

"தவந்துட்டு வந்திருந்தாலும் வந்திருக்கலாம். புள்ள பெத்தவளா இருந்தா வந்திருப்பீங்க."

"வந்திருக்கலாம்தான்," என்றார் தபித்தாள்.

கடுகு கருகிப் போயிற்று. என் கதவு திறந்துதான் இருந்தது. நாலு அடி வைத்திருந்தால் வாசல். அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் சொல்ல வேண்டாம் என்றதால்தான் நின்றேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்துகொண்டுதான் நின்றேன்.

ஜனவரியில் மேல்மாடியைப் பூட்டினார்கள். தபித்தாளுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பையும்தான் இருந்தன. பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் பேக்கரியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபாயிஸா படியில் உட்கார்ந்து வர்க்கியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். செயற்கைக் கண் வைத்த இடம் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, அசையவில்லை, அவ்வளவுதான். "மருந்து ஆன்ட்டி" என்று எழுந்தாள். ரசியா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தபித்தாள் நடையை நிறுத்தவில்லை.

அவர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபின், "சாயர்புரத்துக்குத்தானுங்க?" என்று கேட்டேன்.

"போய்ப் பாக்கணும்," என்றார். "இருக்கச் சொன்னா இருக்கணும்."

அதற்குப் பின் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியும் அடுத்த வருஷம் மூடிப் போயிற்று. நான் பஜாரில் ஒரு டீத்தூள் டிப்போவில் கணக்கெழுதச் சேர்ந்தேன். குடும்பத்தை இன்னும் மேலே கொண்டுவரவில்லை. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் டீ குடிக்க ஹாஜா கடைக்குத்தான் போகிறேன். வேறு கடைக்குப் போனால் ஏன் வரவில்லை என்று கேட்பார்.

வெளியூர் ஆள் யாராவது டீ குடித்துக்கொண்டே, "பாப்பாவுக்குக் கண்ணு என்னாச்சுங்க?" என்று கேட்டுவிட்டால் ஹாஜா ஆரம்பிப்பார். பூச்சியில் தொடங்கி, மழை, கரண்ட், ஏணி எல்லாம் வரிசையாக வரும். தினமும் எரிகிற அடுப்பைத் தான் கொடுத்தது வரும். கடைசியில் இங்கே வந்து நிற்பார்: "அந்தம்மா ஒழுங்கா வந்து பாத்திருந்தா எம்புள்ளைக்குக் கண்ணு இருக்குமுங்க. காய்ச்சல்னு படுத்துட்டா." பிறகு என்னைக் காட்டுவார். "சாரு அங்கதான் வேலை செஞ்சாரு. பொய்யா நெசமான்னு கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

"ஆமாங்க," என்பேன் நான். "படுத்துட்டாங்க."